பேரன் காலம் வரை தாங்கும் மெத்தையை வாங்குவது எப்படி?

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தயார் செய்துகொள்ளுங்கள். மெத்தை யாருக்கு? "படுக்கப்போகிறவருக்கு" என்று சட்டென்று வாயில் வந்தால் நீங்கள் இன்னும் பக்குவப்படவில்லை. மெத்தை சம்பந்தி வீட்டாருக்கு. சீர்வரிசை நாளன்று குட்டியானையில் பீரோவுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, கயிறு கட்டி, தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி கொண்டுவந்து இறக்குவதற்கு. பிற்பாடு அதில் இரண்டு பேர் படுக்கவும் செய்யலாம் என்பது கூடுதல் வசதி.

ஆகவே வீட்டில் இருக்கும் எல்லோரும் போக வேண்டும். அப்பா பட்ஜெட்டுக்கு, அம்மா நிறத்துக்கு, பேரம் பேச தாய்மாமா, எதை எடுத்தாலும் "இதைவிட நல்லதைப் பார்த்திருக்கேன்" என்று சொல்ல ஒரு பெரியப்பா. படுக்கப்போகிற பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் லீவு கிடைக்காது. அவர்களுக்கு வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பிவிட்டால் போதும்; மெத்தையின் பதம் போட்டோவில் தெள்ளத்தெளிவாகத் தெரியும். இரண்டு தலையணை இலவசம் என்று கடைக்காரர் சொன்ன நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தலையணைக்காக மெத்தை வாங்கிய குடும்பங்கள் இந்த மண்ணில் ஏராளம்.

முதலில் கட்டில். கட்டில் என்றால் தலைமாடு. மயில் செதுக்கியது, கண்ணாடி பதித்தது, ரெக்சின் மெத்து வைத்துப் பொத்தான் தைத்தது, செல்போன் வைக்க மாடம் விட்டது என்று வகைவகையாக இருக்கும். காசில் பெரும்பகுதியை அதில் போடுங்கள். அறைக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரிவது அதுதான். மெத்தையைத் தாங்குகிற பகுதியை ஒருபோதும் குனிந்து பார்க்காதீர்கள். வயசான மனிதர் கடை நடுவில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டால் பார்க்க நன்றாகவா இருக்கும்?

அப்படியும் யாராவது கூச்சம் விட்டுக் குனிந்தால் என்ன தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். ஆறடி அகலக் கட்டிலில் நாலைந்து ரீப்பர், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதன் மேல் தட்டினால் பப்படம் மாதிரி சத்தம் போடும் ப்ளைவுட். நடுச்சட்டம் இருந்தாலும் அதற்குக் காலில்லை; இரண்டு பக்கமும் திருகாணியில் தொங்கும். சட்டமே மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டாக இருந்தால், வீடு மாறும்போது ஒருமுறை கழற்றி மாட்டியதும் திருகாணி பிடிமானம் போய்விடும். அதற்குப் பிறகு புரண்டு படுத்தால் கட்டில் பேசும்.

ஃபோம் மெத்தையும் லேடக்ஸ் மெத்தையும் பாரத்தைத் தாங்குவதில்லை என்பதுதான் விஷயம். வாங்கிக் கீழே கொடுக்கின்றன. கீழே வாங்கிக்கொள்ள ஆளில்லாத இடத்தில் மெத்தை குழி விழும். ரீப்பர்களுக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஐந்தடி, ஆறடி அகலமென்றால் நடுச்சட்டமும், அந்தச் சட்டத்திலிருந்து தரைக்கு இறங்கும் ஒரு காலும் வேண்டும். ஸ்பிரிங் மெத்தைக்குச் சமமான, வளையாத பரப்பு வேண்டும். கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டில் மேல் இவற்றில் எதையும் போடக் கூடாது. அவை தாமே பாதி மெத்தை. ஒரு ஜமக்காளம் விரித்தால் முழு மெத்தை. இவ்வளவுதான் விஷயம். இதை எழுத ஒரு பத்தி போதுமானதாக இருக்கிறது, ஆனால் எந்த விளம்பரத்திலும் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

திருப்பாவையின் 19-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் கண்ணன் படுத்திருக்கும் கோலத்தைச் சொல்லும்போது விளக்கைச் சொன்ன கையோடு கட்டிலின் காலைச் சொல்கிறாள். யானைத் தந்தத்தால் செய்த கால். மெத்தை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அவள் வரிசை சரியான வரிசை. நம் வீடுகளில் தந்தத்துக்கு வழியில்லை, சட்டமும் விடாது. வேம்போ பூவரசோ கருவேலமோ நன்றாகக் காய்ந்த கட்டையாக இருந்தால் போதும்.

அடியில் சாமான் வைக்கிற பெட்டிக் கட்டில் இப்போது பெரிய மோகம். பழைய பட்டுப்புடவை, கல்யாணத்தில் வந்த பித்தளைப் பாத்திரம், ஓடாத மிக்ஸி, பையன் பத்தாம் வகுப்புப் புத்தகம் எல்லாவற்றையும் மெத்தைக்குக் கீழே பூட்டி வைத்து அதன் மேல் உறங்குவது தனிச் சுகம். காற்றுக்கு மட்டும் வழி கிடையாது. உடம்பின் வியர்வையும் ஆவியும் மெத்தை வழியாகக் கீழே இறங்கிப் பலகையில் முட்டி நிற்கும். ஐப்பசி அடைமழையில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்புறத்தில் சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை கோலம் போட்டிருக்கும். பலகையில் அங்கங்கே துளை போட்டுவிட்டால் பெருமளவு சரியாகும். ஆசாரியிடம் சொல்லிப் பாருங்கள். "நல்ல பலகையில எவனாச்சும் ஓட்டை போடுவானா சார்?" என்று உங்களை அவர் பார்க்கிற பார்வையில் நீங்களே துளைப்பான் எடுத்துப் போட வேண்டிவரும். கட்டிலே வேண்டாம், டைல்ஸ் தரையில் போட்டுக்கொள்கிறேன் என்கிற சிக்கனப் பிள்ளைகளுக்கும் இதே பூஞ்சை இலவசமாகக் கிடைக்கும்.

கட்டிலையும் மெத்தையையும் வேறு வேறு கடையில், வேறு வேறு மாதத்தில் வாங்குவது மரபு. மெத்தை நீளத்தில் 75 அங்குலம் என்றும் 78 அங்குலம் என்றும் இரண்டு ரகம் உண்டு. கடைப் பாஷையில் ஆறேகால், ஆறரை. ஆறரைக் கட்டிலில் ஆறேகால் மெத்தை போட்டால் கால்மாட்டில் மூன்று அங்குலச் சந்து கிடைக்கும். டிவி ரிமோட், சாக்ஸ், தொலைந்துபோன மூக்குக்கண்ணாடி எல்லாம் அதற்குள் வாழும். ஆறேகால் கட்டிலில் ஆறரை மெத்தையை அழுத்தித் திணித்தால் நடுவில் மேடு கட்டும். ஓரம் சட்டத்தில் ஏறி மடங்கி அங்கேயே உடையும். கட்டிலின் வெளிப்புறத்தை அளக்காமல், மெத்தை உட்காரும் உள்பக்கத்தை டேப் வைத்து அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவதற்கு விஷயமே இருக்காது.

இனி மெத்தை.

"எங்க தாத்தா மெத்தை நாற்பது வருஷம் உழைச்சது" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். கேட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு உண்மை இருக்கிறது. தாத்தாவுடையது இலவம்பஞ்சு. போடிநாயக்கனூர்ப் பக்கம் போனால் இன்றும் இலவங்காயை உடைத்துக் கொட்டை நீக்கிப் பஞ்செடுத்து மெத்தையும் தலையணையுமாக அனுப்புகிறார்கள். இந்தப் பஞ்சின் இழை உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் கொண்டது, மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் திணித்தார்கள். வாங்கும்போது ஒரு சிட்டிகை பிய்த்துத் தம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கிவிடுங்கள். இலவம்பஞ்சு மேலே வந்து மிதக்கும். மில் கழிவுப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டு கீழே போகும்.

ஆனால் தாத்தா மெத்தை நாற்பது வருஷம் அப்படியே கிடக்கவில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை பஞ்சு கட்டி தட்டும். அப்போது தையலைப் பிரித்து, பஞ்சை வெளியே கொட்டி, அடித்து, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்து, கிழிந்த கோடுபோட்ட துணியை மாற்றி, மறுபடி ஊசி போட்டுக் கட்டித் தருவதற்கு ஆள் இருந்தார். துணியும் மாறியது, பஞ்சும் பாதிக்கு மேல் மாறியது, மிஞ்சியது தாத்தாவின் பெயர்தான். மாதத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் வெயிலுக்குப் போட்டு, பிரம்பால் நாலு சாத்து சாத்தி, சாயங்காலம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இத்தனையும் செய்கிற வீட்டில் இன்றைக்கும் அது உழைக்கும். அந்த வேலையைத் தாத்தா செய்யவில்லை, பாட்டி செய்தாள் என்பதைப் பெரியப்பா சொல்ல மாட்டார்.

இன்றைய மெத்தைகளைப் பிரித்து அடைக்க முடியாது. குழி விழுந்தால் விழுந்ததுதான். அதனால்தான் வாங்கும்போதே உள்ளே என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்காரர் "எட்டு இன்ச் சார்" என்பார். நீங்கள் கேட்டது அதுவல்ல. கனம் கண்ணுக்குத் தெரிவது. எட்டு அங்குலத்தில் மேலே ஒரு அங்குலம் நல்ல சரக்கும் கீழே ஏழு அங்குலம் காற்றும் இருக்கலாம். உறையில் ஜிப் இருந்தால் திறந்து பாருங்கள். (அவர் முகம் மாறும். மாறட்டும்.) ஃபோம் என்றால் டென்சிட்டி கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். மெத்தை கல்லாக இருக்கிறதா வெண்ணெயாக இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை நாள் தாங்கும் என்பதற்குத்தான் சம்பந்தம்.

நகைக்கடையில் மில்லிகிராமுக்குச் சண்டை போடுகிற நாம் மெத்தையை மட்டும் எடை போட்டு வாங்குவதில்லை. 75க்கு 60, ஆறு அங்குல கனம் என்றால் கொள்ளளவு சுமார் 0.44 கன மீட்டர். முழுக்க ஒரே ஃபோமாக இருந்தால் 32 டென்சிட்டிக்கு 14 கிலோ போலவும், 40 டென்சிட்டிக்கு 18 கிலோ போலவும் வர வேண்டும், உறை எடை தனி. 40 என்று எழுதிய மெத்தையை டெலிவரிப் பையன் ஒருவனே தலையில் வைத்துப் பாட்டுப் பாடிக்கொண்டு மூன்று மாடி ஏறினால் பையன் பலசாலி என்று சந்தோஷப்படுங்கள்.

மெமரி ஃபோமுக்குப் போனால் விற்பனையாளர் உங்களை விண்வெளிக்கே அழைத்துச் செல்வார். ராக்கெட்டில் போனவர்கள் படுத்த மெத்தை என்பார். 1966-இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது விமான இருக்கையின் மெத்து. விபத்தில் மோதும் அதிர்ச்சியை உள்வாங்குவதற்காக. சூடு பட்டால் இளகி உடம்பின் அச்சில் வளைவது அதன் குணம். அந்தச் சூட்டை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதும் அதே குணம்தான். சித்திரை மாதம், வேலூர், மின்வெட்டு, மெமரி ஃபோம் என்ற நான்கையும் சேர்த்து ஒருமுறை கற்பனை செய்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.

லேடக்ஸ் ரப்பர் பாலில் செய்வது. 1929-இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தில் ரப்பர் பாலைக் கடைந்து நுரையாக்கி வேகவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள்; இன்றும் டன்லப் முறை என்றே பெயர். நல்ல லேடக்ஸ் எளிதில் குழி விழாது, விலையும் எளிதில் கட்டுப்படியாகாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களிடம் மட்டும் இதைப் பெருமையாகச் சொல்ல வேண்டாம். விடியற்காலையில் அந்தப் பாலை வெட்டி எடுக்கிறவர்கள் அவர்கள், என்ன விலைக்குப் போகிறது என்பது தெரியும். பாட்டி ஞாபகத்தில் லேடக்ஸையும் ஃபோமையும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வெயில் அவற்றைப் பழுப்பாக்கி உதிர வைத்துவிடும்.

தேங்காய் நார் மெத்தை என்பது நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து அழுத்திச் சூடாக்கியது. காற்றோட்டம் உண்டு, விறைப்பு உண்டு. நார் நொறுங்க ஆரம்பித்ததும் கட்டிலுக்கு அடியில் தினமும் கொஞ்சம் பழுப்புத் தூள் விழும். பெருக்குகிறவர் கரையான் என்று பயமுறுத்துவார். ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கம்பிகள் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் ஒருவர் புரண்டால் இருவரும் விழிப்பார்கள். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருந்தால் ஒருவர் மட்டும் விழிப்பார்.

பெரியவர்களுக்கு முதுகுவலி என்றால் "ஆர்த்தோ" என்று எழுதிய மெத்தையை வாங்குங்கள். அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ள எந்த எலும்பு டாக்டரின் கையெழுத்தும் தேவையில்லை என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பலகை மாதிரி இருந்தால் முதுகுக்கு நல்லது என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கடின மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரப் பதமும் கொடுத்துத் தொண்ணூறு நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது இது. பெரியப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாம். "ஸ்பெயின்காரன் முதுகு வேற, நம்ம முதுகு வேற" என்பார்.

கடையில் மெத்தையைச் சோதிக்கும் முறை நம்மிடம் ஒன்றுதான். நின்றபடி ஐந்து விரலை விரித்து இரண்டு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவது. உள்ளங்கையால் தூங்குகிறவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தூங்கும்போது எப்படிப் படுப்பார்களோ அப்படியே, ஒருக்களித்தோ மல்லாந்தோ, பத்து நிமிஷமாவது படுக்க வேண்டும். தோளும் இடுப்பும் கொஞ்சம் இறங்கி முதுகெலும்பு நேராக நிற்கிறதா என்று கூட வந்தவர் பார்க்க வேண்டும். வெட்கம்தான் தடை. தமிழில் கூச்சமில்லாமல் இதைச் செய்தவர் மோசிகீரனார் ஒருவரே. அரண்மனையில் முரசை நீராட்டக் கொண்டுபோயிருந்த நேரத்தில், அது வைக்கும் கட்டில் என்று அறியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார். தலையை எடுத்திருக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறியை எடுத்து வீசினான் என்று புறநானூற்றின் 50-ஆம் பாட்டு சொல்கிறது. ஷோரூமில் ஏசி போட்டிருப்பார்கள். விசிறியை எதிர்பார்க்க வேண்டாம். விற்பனையாளர் தலைமாட்டில் நின்று இ.எம்.ஐ. கணக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மெத்தை வீடு வந்து சேர்ந்ததும் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் பழசாகிவிடும். அதன் மேலேயே பெட்ஷீட்டை விரித்துப் படுத்தால் ஒவ்வொரு புரளலுக்கும் சரசரவென்று மழை பெய்யும் ஓசை கேட்கும். வியர்வை போக வழியின்றி முதுகில் ஒட்டிக்கொள்ளும், ஈரம் உள்ளேயே தங்கும். ஆனாலும் மெத்தை புதுசு. பழைய மெத்தையையும் தூக்கிப் போட மனம் வராது. புதியதற்குக் கீழே போட்டுவிடுங்கள். பழையதில் இருக்கும் பள்ளம் ஆறே மாதத்தில் புதியதற்கும் வந்துவிடும். பரம்பரைச் சொத்து இப்படித்தான் கைமாறுகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக்கித் திருப்பிப் போட்டால் ஒரே இடம் தேயாது. இதற்கு இரண்டு பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்பதால் அனேகமாக நடப்பதில்லை. அதற்குப் பதில் ஓரத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டுங்கள், பிள்ளைகளைக் குதிக்க விடுங்கள், மெத்தை மேல் துணி போட்டு இஸ்திரி தேயுங்கள்.

வாரண்டி அட்டையை பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வையுங்கள். பத்து வருஷம் என்று பெரிதாகவும், நிபந்தனைகள் எறும்பு ஊர்ந்த மாதிரியும் அச்சிட்டிருக்கும். படித்துவிடுங்கள், படித்தால்தான் சிரிக்க முடியும். கறை பட்டிருந்தால் செல்லாது. காப்பி வைத்துப் படிக்கிற வீடு இதிலேயே தோற்றது. பில் இல்லாவிட்டால் செல்லாது. கட்டிலின் ரீப்பர் இடைவெளி சரியில்லாவிட்டாலும் செல்லாது. நீங்கள் குனிந்து பார்க்காத இடத்தை அவர்கள் அனுப்பும் ஆள் வந்ததும் முதலில் குனிந்து பார்ப்பார். எல்லாம் தாண்டினால் மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துக் கட்டி, பள்ளத்தில் ஸ்கேலை நிறுத்தி அளப்பார். அதுவும் யாரும் படுக்காதபோது. அட்டையில் ஒரு அங்குலம் என்று போட்டிருக்கும், உங்களுடையது முக்கால்தான் வரும். இன்னும் கால் அங்குலம் இறங்க வேண்டும். ஊரிலிருந்து மைத்துனரை ஒரு மாதம் தங்கிப் போகச் சொல்லிக் கூப்பிடுங்கள். நல்ல சாப்பாடாகப் போட்டு, நடுவில் படுக்க வையுங்கள்.